கச்சானின் கொப்பி

கதவு நிலையைத் தின்றுவிட்டான்.
அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு
முதலில் வர்ணம், பிறகு பட்டி, பிறகு மரம்.
வெள்ளவத்தை, ஏழாம் மாடி.
வீட்டுக்காரரோ பேச்சுக்குப் பேச்சு
முற்பணத்தை ஞாபகப்படுத்துகிறவர்.

அதற்கு முதல் கிழமை என் வலக்கால் செருப்பு.
அதற்கும் முதல் அவனுடைய சொந்தக் கால்:
நக்கி நக்கி முன்னங்காலில்
ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியளவுக்கு
மயிரில்லை. சிவப்பு. ஈரம்.

"வளர்ப்புப் பிழை, பிள்ளை" என்றார்
ஐந்தாம் மாடி சிவகடாட்சம்,
தொடர்மாடிச் சங்கச் செயலாளர்,
லிஃப்டுக்குள், இலக்கங்களைப் பார்த்தபடி.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
சுருட்டிய பேப்பரோடு நின்று
யார் செய்தது, யார் செய்தது என்று கேட்டேன்.
காதைப் பின்னுக்கு மடித்தான்,
கண்ணின் வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பினான்.
பார், கள்ளனுக்குத் தெரியுது, என்றேன்.

தெகிவளையில் மிருக வைத்தியர் பாஹிமா
கனநேரம் அவனைத் தொடவேயில்லை.
நிலத்தில் பக்கவாட்டாய் அமர்ந்து
சுவரைப் பார்த்தபடி
என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்:
எப்போது வீடு மாறினீர்கள்?
பக்கத்துக் காணியில் என்ன கட்டுகிறார்கள்?
வீட்டிலிருந்து யாராவது போனார்களா?
கச்சான் கொட்டாவி விட்டான்.
பாவம், நித்திரை வருது போல, என்றேன்.
அது நித்திரை இல்லை, என்றார்.
அன்றைக்கு நீங்கள் பார்த்தது
குற்றம் செய்த முகமும் இல்லை,
உங்கள் கையிலிருந்த பேப்பரைப் பார்த்த முகம்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

6.50. கொளுக்கியிலிருந்து சாவியை எடுத்தேன்.
நக்கத் தொடங்கினான்.
7.05. கடற்கரை ரயில். தலையைத் தூக்கினான், படுத்துவிட்டான்.
ரயிலோடு அவனுக்குப் பிரச்சினையில்லை.
சனி, 9.10. பக்கத்துக் காணியில் பைலிங்.
சோபாவுக்கு அடியில். சோறு அப்படியே கிடக்கிறது.
ஞாயிறு. டோஹாவிலிருந்து அழைப்பு.
நான் சத்தம் போடவில்லை.
நான் சத்தம் போடாமல் இருந்தேன்.
அழைப்பு முடிந்து பதினொரு நிமிடம் நக்கினான்.

எழுதும்போது பார்த்தேன்,
இடக்கைப் பெருவிரல் என் பற்களுக்கிடையில் இருந்தது.

கொட்டாஞ்சேனை வீட்டில் அவனுக்கொரு ஜம்பு மரம் இருந்தது,
மூக்கை நுழைக்க கேற்றில் ஒரு ஓட்டை,
பின்னேரங்களில் குரைப்பதற்கென்றே
சைக்கிளில் ஒரு லொத்தர்க்காரர்.
அங்கேதான் ஒரு விடியற்காலை
ரமணீதரன் பெட்டியை இழுத்துக்கொண்டு போனது.
சாவி குலுங்கியது. கதவு சாத்தியது.
அவ்வளவுதான்.
சாவி குலுங்கினால் வீட்டில் ஒரு ஆள் குறையும்
என்பது கச்சானின் கணக்கு.
பிழையென்று நான் எந்த வாயால் சொல்ல?

சாவியை எடுங்கள், போகாதீர்கள், என்றார் பாஹிமா.
மருந்துச் சிட்டையில் அதைத்தான் எழுதியும் தந்தார்.
எடுத்தேன், வைத்தேன்.
எடுத்தேன், குசினிக்குப் போய் வெங்காயம் உரித்தேன்.
எடுத்தேன், கதவைத் திறந்தேன்,
வெளியே வாசற்படியில் மூன்று வரை எண்ணி
உள்ளே வந்து, ஒன்றும் நடக்காததுபோல
ஈர உடுப்பு மடித்தேன்.
போகாமலிருப்பதற்கும் பயிற்சி வேண்டுமென்று
எனக்கு முன்பு யாரும் சொன்னதில்லை.
நாலாம் நாள் எல்லாம் பழைய கறுப்பில் போய் நின்றது:
வங்கிக்குப் பிந்திவிட்டது, ஓடினேன்,
திரும்பி வர மெத்தையின் பஞ்செல்லாம் கூடத்தில்.
பேப்பரைச் சுருட்டவில்லை.
பஞ்சைக் கூட்டி அள்ளினேன்,
அவன் மேசைக்கடியிலிருந்து கொட்டாவி விட்டான்,
தெரியும் ராசா, என்றேன், நித்திரையில்லை.

இன்று சனி. பதினெட்டாம் நாள்.
சாவியைக் குலுக்கி பாணுக்கு பட்டர் பூசினேன்.
ஒரு கண் திறந்தான்,
பெருமூச்சு விட்டு நாடியை நிலத்தில் வைத்தான்.
காலில் மெல்லிய மஞ்சள் மயிர் முளைத்திருக்கிறது.

பிறகு பக்கத்துக் காணியில் இரும்பு விழுந்தது.
ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.
சின்ன வயதிலிருந்தே இந்தச் சத்தத்துக்கு
அடுத்தது எப்போதென்று எண்ணுகிறவள் நான்.
ஏனென்று யாரும் கொப்பி வாங்கித் தந்ததில்லை.
சோபாவை இழுத்து, சுவரோடு சாய்ந்து
நிலத்தில் அமர்ந்தேன், பக்கவாட்டாய்.
ஊர்ந்து வந்து முதுகை என் தொடையில் ஒட்டினான்.

9.10. பைலிங்.
இருவரும்.